பகா எண்ணுக்குப் பொன்னாடை

உலகில் எண்கள் ஏராளம். ஒழுக்கமுள்ள எண்கள்தாம் குறைவு. இரண்டு வந்து கேட்டால் இரண்டாகப் பிரிந்துகொடுக்கும், மூன்று வந்து கேட்டால் மூன்றாகப் பிரிந்துகொடுக்கும் எண்களே அதிகம். யார் வந்து கூப்பிட்டாலும் அசையாமல், ஒன்றுக்கும் தனக்கும் மட்டுமே கட்டுப்பட்டு வாழும் எண்ணைத்தான் பகா எண் என்கிறோம். அப்படிப்பட்ட மாபெரும் எண் ஒன்று கிள்ளானில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், ஒரு மேசைமீது நெடுங்காலம் தன்னடக்கத்தோடு குடியிருந்தது. அதை உலகுக்கு அறிவித்தவன் அடியேன். அந்த எண் 30047003. எங்கள் சங்கத்தின் தொலைபேசி எண்.

சங்கத்தின் முழுப்பெயர் 'கிள்ளான் வட்டார நோயாளர் உபகரண இரவல் நலச் சங்கம்'. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், ஆஸ்பத்திரிக் கட்டில் ஆகியவற்றை வேண்டியவர்களுக்கு இரவல் கொடுப்பது நோக்கம். நடக்க முடியாதவர்களுக்கான இந்த அலுவலகம் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி கிடையாது. இதைக் குறை என்பவர்கள் இதன் நுட்பத்தை அறியாதவர்கள். படியேறி வர முடிந்தவருக்குச் சக்கர நாற்காலி எதற்கு? படியேற முடியாதவர் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். ஆக, சங்கத்தின் உண்மையான வாசல் தொலைபேசிதான். அந்த வாசலுக்குக் காவலன், செயலாளர் ராதாகிருஷ்ணனாகிய நான்.

நான் ஜெஞ்சாரோம் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளியில் படித்தவன். அங்கே இரண்டு கலைகள் என்னிடம் ஒட்டிக்கொண்டன. முறையாகக் கடிதம் எழுதுவது ஒன்று. முறையாக வகுப்பது மற்றொன்று. இரண்டிலும் முறைதான் முக்கியம். விடை பிறகு வரும். வராவிட்டாலும் முறை கெடாது. எங்கள் தெருவிளக்கு எரியவில்லை என்று நான் எழுதிய கடிதங்களைப் பார்த்தவர்கள் இன்றும் புகழ்கிறார்கள். பகலில்தான் பார்த்தார்கள், விளக்கு இன்னும் எரியவில்லை.

இந்த ஆண்டு தொடக்கத்தில் சங்கத்துக்கு ஓர் ஆபத்து வந்தது. பொருளாளர் இராசேஸ்வரி அம்மையாரின் குடும்பம் தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்த குடும்பம். அம்மையாரும் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். ஆகவே எதையும் சுருக்கமாகச் சொல்லும் கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு.

"செகரட்டரி, இந்த லைனை கட் பண்ணிடலாம். ஹேண்ட்போன் ஒன்னு போதும். யார் கையில இருக்கோ அவங்க எடுப்பாங்க."

'எடுப்பாங்க' என்ற சொல் என்னைக் கலங்கடித்துவிட்டது. செயலாளர் மேசைமீது தொலைபேசி இருப்பதால்தான் அது செயலாளர் மேசை. தொலைபேசி போய்விட்டால் அது வெறும் மேசை. நான் வெறும் ராதாகிருஷ்ணன். அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்பதாகச் சொல்லி ஒத்திவைத்தோம்.

அதே வாரம் பண்டமாரானிலிருந்து வீரம்மா என்றொரு பெண்மணி மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கணவர் சின்னையா துறைமுகத்தில் லோரி ஓட்டியவர்.

"சர்க்கரை ஏறி, இனிப்பு நீருல கால் எடுத்துட்டாங்கண்ணே, முட்டிக்குக் கீழ. செயற்கைக் கால் வைக்க அளவெடுக்கணுமாம், அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க. எங்க வீட்டுலேருந்து கார் நிக்கிற இடம் வரைக்கும் தூக்கிட்டுப் போக ஆள் இல்ல. ஒரு வீல்சேர் கிடைச்சா போதும்."

எனக்குப் பின்னால் மூன்று சக்கர நாற்காலிகள் சும்மா நின்றுகொண்டிருந்தன. ஆனால் விண்ணப்பங்கள் சங்கத்தின் அதிகாரபூர்வத் தொலைபேசி வழியாக மட்டுமே ஏற்கப்படும் என்பது விதி. எழுதியவன் நான்தான். தொலைபேசியின் பெருமையைக் காப்பாற்ற எழுதியது.

"நேர்ல கேட்டா பதிவாகாதும்மா. இந்த நம்பருக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்க."

"இப்பத்தானே சொன்னேன்?"

"அது சொல்றது. இது விண்ணப்பம்."

வீரம்மா என்னையும் தொலைபேசியையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப இங்கயே நின்னு கூப்பிடவா?"

"இன்னிக்கு நேரம் முடிஞ்சிருச்சும்மா."

அவர் கோபப்படவில்லை. எண்ணை வாங்கிக்கொண்டு, மறந்துவிடக் கூடாதென்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே படியிறங்கினார். "மூனு, கோசோங் கோசோங், நாலு. ஏழு, கோசோங் கோசோங், மூனு." இந்த ஊரில் சுழியத்தைத் தமிழில் சொல்வாரில்லை, கோசோங்தான். ஒவ்வொரு படிக்கும் ஓர் இலக்கமாக அது இறங்கிப் போனபோது என் உடம்பு சிலிர்த்தது. இத்தனை ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நான் கவனிக்கவில்லை. முன்னால் மூன்று, பின்னால் மூன்று. இந்தப் பக்கம் இரட்டைச் சுழி, அந்தப் பக்கம் இரட்டைச் சுழி. நடுவில் நாலும் ஏழும் மாப்பிள்ளையும் பெண்ணும்போல. இது சாதாரண எண்ணாக இருக்க முடியாது.

உடனே ஆராய்ச்சியில் இறங்கினேன். கணக்குப் போடும்போது மணி அடித்தால் கவனம் சிதறும் என்பதால் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன். அந்த வாரம் முழுவதும் அது கீழேதான் கிடந்தது.

முதலில் இரண்டு. கடைசி இலக்கம் மூன்று; வகுபடவில்லை. அடுத்து மூன்று. இலக்கங்களைக் கூட்டினால் பதினேழு, வகுபடவில்லை. பிறகு நான்கு. இரண்டால் வகுபடாதது நான்கால் எப்படி வகுபடும் என்று அவசரக்காரர்கள் கேட்பார்கள். எந்த எண்ணுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். நான்கு, ஐந்து, ஆறு எல்லாவற்றையும் தனித்தனித் தாளில் வகுத்து, தேதி போட்டு, கீழே கையொப்பமிட்டேன். எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றுக்கு இலக்கங்களை மாற்றிமாற்றிக் கூட்டிக் கழிக்கும் அந்தக் கஷ்டமான விதியைக்கூட நினைவிலிருந்து எடுத்தேன். வகுபடவில்லை. பன்னிரண்டோடு எங்கள் பள்ளி வாய்ப்பாடு முடிந்தது. எண்களும் அங்கேயே முடிவதாகத்தான் எங்களில் பலர் நம்பியிருந்தோம்.

ஏழு? எங்கள் ஆசிரியர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ஏழுக்கு விதி கிடையாது. ஆகவே சோதனையிலும் வராது." விதி இல்லாத இடத்துக்கு முறையான மனிதன் போக மாட்டான். நானும் போகவில்லை.

இவ்வாறாக 30047003 பகா எண் என்று நிறுவப்பட்டது. கண்டுபிடித்தவரின் பெயரை எண்ணுக்குச் சூட்டுவது கணித உலகின் மரபு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு தாளில் 'ராதாகிருஷ்ணன் எண்' என்று எழுதி, கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. என்றாவது ஒருநாள், எனக்குத் தெரியாத ஒருவர், என்னைக் கேட்காமலே அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் கடிதம் எழுதினேன்.

செயற்குழு கூடியது. தலைவர் யோகநாதன் இன்னும் டத்தோ பட்டம் பெறவில்லை. ஆனால் பெயர்ப்பலகையில் தம் பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டுத்தான் எழுதச் சொல்வார். என் ஆய்வைக் கேட்டு அவர் கண் கலங்கினார்.

"வேற எந்தச் சங்கத்துக்காவது பகா எண் இருக்கா?"

"விசாரிச்சவரைக்கும் இல்ல தலைவரே. பலருக்கு இரட்டைப்படைதான்."

"பாவம்," என்றார் தலைவர்.

உறுப்பினர் ஜெயராஜ் எண்சோதிடம் அறிந்தவர். கார் எண்ணின் கூட்டுத்தொகை பிடிக்காமல் காரையே விற்றவர். "கூட்டினா பதினேழு. ஒன்னும் ஏழும் எட்டு. எட்டு சனி லா," என்றார்.

சபை அதிர்ந்தது. நல்லவேளையாகத் தலைவர் நிதானமானவர். "நமக்குச் சனி. ஆனா சீனருக்கு எட்டுன்னா அதிர்ஷ்டம். கட்டட முதலாளி யாரு? சீனர். அப்ப கட்டடத்துக்கு நல்லது. நாம வாடகைக்குத்தானே இருக்கோம், சனி நம்மளைத் தேடி மாடிக்கு வராது."

"அதுக்கும் லிஃப்ட் இல்லையே," என்றார் இராசேஸ்வரி.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. அன்று கூட்டத்துக்காக ரிசீவரை ஒழுங்காக வைத்திருந்தேன். இராசேஸ்வரி கை நீட்டினார். தலைவர் தடுத்தார்.

"இருங்க மேடம். நாம அதைப் பத்திப் பேசுறோம், அதுவே சாட்சி சொல்லுது. கொஞ்சம் கேப்போம்."

எல்லாரும் எழுந்து நின்று, கை கட்டிக்கொண்டு கேட்டோம். கம்பீரமாக அடித்தது. பிறகு ஓய்ந்தது.

"யாராவது வீல்சேர் கேட்டிருப்பாங்க," என்றார் இராசேஸ்வரி.

"கேக்குறவங்க மறுபடியும் கேப்பாங்க மேடம். பகா எண் மறுபடியும் கிடைக்குமா?"

மறுபடியும் அடித்தது. மறுபடியும் நின்றோம். ஜெயராஜுக்கு முழங்கால் வலி; ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே மரியாதை செய்ய அனுமதி கேட்டார். உடனே வழங்கப்பட்டது. அவரிடம் மட்டும் தொலைபேசி வழி விண்ணப்பம் கேட்க எங்களுக்கு மறந்துபோனது.

தீர்மானங்கள் மூன்று. இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. தொலைபேசியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும்; சாவி தலைவரிடம் இருக்கும். எண்ணுக்கு ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும்.

"பெட்டியில பூட்டிட்டா எப்படி எடுக்கிறது?" என்று கேட்டார் பொருளாளர்.

"கண்டவங்க கண்ட நேரம் தொட்டா அது என்னத்துக்கு ஆகும் மேடம்?" என்றேன் நான். இன்றைக்கும் அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருக்கிறது. வாக்கியமாக மட்டும்.

பேனர் அடிக்கப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ரயிலேறிப் போனேன். 'மாபெரும் பகா எண் 30047003 பாராட்டு விழா' என்று பெரிதாகவும், தலைவர் படத்தை அதைவிடப் பெரிதாகவும் போடச் சொன்னேன். கடைக்காரர் கணினியில் எழுத்தை நகர்த்திக்கொண்டே கேட்டார்: "கேட்டரிங்கா boss? இந்த நம்பருக்குக் கூப்பிட்டா சாப்பாடு வருமா?"

"கூப்பிடுறதுக்கு இல்ல. இது கொண்டாடுற நம்பர்."

"கூப்பிட முடியாத நம்பரை ஏன் boss இவ்வளவு பெருசா போடுறீங்க?"

தொழில் தெரிந்தவர்தான், கணிதம் தெரியாதவர். விளக்க நேரமில்லை.

விழாவுக்கு முந்தின வாரம் தொலைபேசி பெட்டிக்குள் போனது. பெட்டிக்குள் அது எப்போதாவது அடிப்பதைக் கேட்டேன். பொன்னாடையை முன்கூட்டியே போர்த்திப் பார்த்ததில் மணியோசை ரொம்பவும் பவ்வியமாகிவிட்டிருந்தது. அடிப்பவர் யாரென்று எனக்கு ஓர் ஊகம் இருந்தது. ஆனால் ஊகத்தை வைத்துப் பூட்டைத் திறக்க விதியில் இடமில்லை, சாவியும் என்னிடமில்லை. இந்த இரண்டில் எது எனக்கு அதிக ஆறுதல் தந்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

விழா அலுவலகத்திலேயே நடந்தது. கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். கீழே சாப்பாடு உண்டு என்று அறிவித்திருந்தோம். நாற்காலி போதவில்லை. ஆகவே பிரமுகர்களுக்குச் சக்கர நாற்காலிகளை ஒதுக்கினோம். தலைவர் நடு நாற்காலியில் மாலையோடு அமர்ந்து, மேடைக்கு முன்னால் தம்மைத் தாமே இரண்டு முறை உருட்டிப் பார்த்துக்கொண்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் தொலைபேசி, பொன்னாடை, ரோஜா மாலை, பக்கத்தில் குத்துவிளக்கு.

சிறப்புப் பேச்சாளர் முனைவர் சிந்துஜா. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணித விரிவுரையாளர். என் கடிதங்களுக்குப் பதில் போட்ட ஒரே ஆள். அவர் பேச எழுந்து, பேனரைப் பார்த்து, என்னைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

"அங்கிள், இதை ஏழால வகுத்துப் பார்த்தீங்களா?"

"ஏழுக்கு விதி கிடையாதும்மா."

"விதி இல்லாட்டி என்ன அங்கிள், வகுத்துப் பார்க்கலாமே. வகுக்கிறதுக்கு விதி வேணாம்."

இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் கைப்பேசியைத் தட்டினார். தட்டிய கையோடு முகத்தில் ஓர் இரக்கம் வந்தது. ஆஸ்பத்திரியில் மருத்துவர்களிடம் பார்த்திருக்கிறேன், அந்த இரக்கத்தை.

"ஏழால சரியா வகுபடுது அங்கிள். ஏழு, ரெண்டாயிரத்து மூனு, ரெண்டாயிரத்து நூத்து நாப்பத்து மூனு. இந்த மூனையும் பெருக்கினா உங்க நம்பர் வந்துரும். பகா எண் இல்ல."

அந்த ஏழு, எண்ணுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தது. பேனரில் என் முழங்கை நீளத்துக்கு இருந்தது. நான் எத்தனையோ நாள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உட்கார இடம் தேடினேன். எல்லாச் சக்கர நாற்காலியிலும் ஆள் இருந்தது. தலைவர்தான் காப்பாற்றினார்.

"இருங்கம்மா. என்ன சொன்னீங்க, ரெண்டாயிரத்து மூனா? நம்ம சங்கம் ஆரம்பிச்ச வருஷம் என்ன?"

"ரெண்டாயிரத்து மூனு," என்றார் ஜெயராஜ், வியந்துபோய்.

"சங்கம் பிறந்த வருஷம் எண்ணுக்குள்ளேயே இருக்கு. பகா எண்ணாயிருந்தா உள்ள என்ன இருக்கும்? ஒன்னும் இருக்காது, வெறும் கோசோங். இது அதைவிடப் பெருசு."

"அப்ப ரெண்டாயிரத்து நூத்து நாப்பத்து மூனு?" என்று யாரோ கேட்டார்.

"அது நம்ம நூத்தி நாப்பதாவது ஆண்டு விழா," என்றார் தலைவர்.

கைதட்டல் கூரையைத் தொட்டது. நானும் தட்டினேன். அந்த நிமிடம் வரை பகா எண்ணாக இருந்ததற்குப் பாராட்டப்பட்ட எண், பகா எண்ணாக இல்லாததற்குப் பாராட்டப்பட்டது. நிகழ்ச்சி நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. சிந்துஜா மட்டும் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, இனி எதையும் வகுக்கக் கூடாது என்ற முகத்தோடு உட்கார்ந்தார்.

கைதட்டல் அடங்கியபோதுதான் இன்னொரு ஓசை கேட்டது. பொன்னாடைக்குள் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"யாராவது எடுங்களேன்," என்றார் சிந்துஜா, சாதாரணமாக. வெளியூர்க்காரர்.

எல்லாரும் தலைவரைப் பார்த்தோம். அவர் சாவிக்காகச் சட்டைப்பையைத் தேடினார். மாலை குறுக்கே வந்தது. இராசேஸ்வரி எழுந்து வந்து மாலையைத் தூக்கிப் பிடித்தார். அதற்குள் மணி நின்றுவிட்டது. படியில் மூச்சு வாங்கும் ஓசை கேட்டது. வாசலில், கையில் கைப்பேசியோடு, வீரம்மா.

"நான்தான் கீழேருந்து அடிச்சேன், ஆள் இருக்கீங்களான்னு பார்க்க. மேல லைட் எரியுது, பாட்டுச் சத்தம் கேக்குது. அடிக்குது, ஆனா எடுக்க மாட்டேங்கிறீங்க."

வீரம்மாவின் பார்வை தலைவர்மேல் விழுந்தது. சக்கர நாற்காலியில், மாலையோடு, வேட்டி மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். வீரம்மாவின் குரல் தானாகத் தணிந்தது.

"சாருக்கும் இனிப்பு நீரா? எந்தக் கால்?"

தலைவர் எழுந்து நின்றார். வீரம்மா இரண்டு கால்களையும் பார்த்தார். பிறகு அறையிலிருந்த மற்ற இரண்டு சக்கர நாற்காலிகளையும், அவற்றில் இருந்தவர்களின் கால்களையும் வரிசையாகப் பார்த்தார். அந்த அறையில் அன்று சரியாக எண்ணத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"சின்னையா அண்ணன் எப்படி இருக்காரு?" என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே.

"கீழ லோரியில இருக்காரு. பக்கத்து வீட்டுத் தம்பிக்கு இன்னிக்குத்தான் லீவு, தூக்கி வச்சிட்டு வந்தான். ஆஸ்பத்திரியில அளவெடுக்கக் கூப்பிட்ட நாள் போயிருச்சுண்ணே. போக முடியல. இனி தீபாவளி கழிச்சு வரச் சொல்லிட்டாங்க." அவர் பெட்டியைப் பார்த்தார். "தினமும் அடிச்சேன். நம்பரை நான்தான் தப்பா மனப்பாடம் பண்ணிட்டேனோன்னு நெனச்சேன். மூனு கோசோங் கோசோங் நாலு, ஏழு கோசோங் கோசோங் மூனு. சரிதானே?"

"சரிதாம்மா," என்றேன். அந்த எண்ணைப் பற்றி நான் சொன்னவற்றில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

தலைவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை நானும் சிந்துஜாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம். தெருவில் லோரியின் முன்கதவு திறந்திருந்தது. சின்னையா வெயிலில் வேர்த்து உட்கார்ந்திருந்தார். மடித்து ஊசி குத்திய கால்சட்டை. வீரம்மா என்னைக் காட்டி, "இவருதான் செகரட்டரி," என்றார்.

சின்னையா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ," என்றார். "நீங்கதானா அந்த நம்பர்?"

விழா அறிக்கையைப் பத்திரிகைகளுக்கு நான் அனுப்பவில்லை. என் வாழ்நாளில் நான் எழுதாமல் விட்ட முதல் கடிதம் அது. மறுநாளே இராசேஸ்வரி ஒரு ஹேண்ட்போன் வாங்கினார். அது அவர் கையில் இருக்கிறது, அடித்தால் எடுக்கிறார். என்ன சொல்வது, முறையே இல்லை. அதன் எண் எதால் வகுபடும் என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை. என் மேசைமீது இப்போது வெறும் பொன்னாடை இருக்கிறது.

ஆனாலும் கணித உலகம் என்னைக் கைவிடவில்லை. போன வாரம் பண்டமாரான் பாசாரில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எனக்குத் தெரியாத இரண்டு பெண்கள்.

"கிளினிக்குக்குக் காலையிலேருந்து கூப்பிடுறேன் அக்கா. அடிக்குது, எடுக்கவே மாட்டேங்கிறாங்க."

"அப்ப அது ராதாகிருஷ்ணன் நம்பர் லா. விடு, நேர்லயே போயிரு."

கத்திரிக்காயோடு அப்படியே நின்றேன். எனக்குத் தெரியாத ஒருவர், என்னைக் கேட்காமலே, என் பெயரைச் சொல்லிவிட்டார். வீரம்மா தொடங்கிவைத்த சொல்வழக்கு என்று பிறகு தெரிந்துகொண்டேன். பண்டமாரான் முழுக்க இப்போது அப்படித்தான் சொல்கிறார்களாம்.

பிற்காலத்து மாணவர்களுக்காக முறையாக எழுதி வைக்கிறேன். ராதாகிருஷ்ணன் எண் என்பது, எதிர்முனையில் ஒருவர் காத்திருக்க, எத்தனை முறை அடித்தாலும் எடுக்கப்படாத எண். அது பகா எண்ணாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எண்ணுக்குக் கண்டுபிடித்தவர் பெயரை வைப்பதுதான் மரபு. இதைக் கண்டுபிடித்தவர் வீரம்மா. ஆயினும் பெயரில் பிழையில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இருந்துகொண்டு, அடிப்பது யாரென்று தெரிந்தே கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.